உறையவைத்த கருவை வைப்பதற்கு முன்: எந்த முறை என்று கேளுங்கள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு சின்ன ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். பட்டா மனு, வாரிசுச் சான்று, கோர்ட் அஃபிடவிட் என்று நாள் முழுக்கத் தாளோடுதான் பிழைப்பு. ஆஸ்பத்திரி ஃபைலோடு வருகிற பெண்களும் உண்டு. போன மாதம் நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு தங்கச்சி வந்தாள். புதுச்சேரியில் ஐ.வி.எஃப். பார்க்கிறாளாம், அடுத்த மாதம் ஃப்ரோசன் டிரான்ஸ்ஃபர், அதாவது உறையவைத்த கருவைக் கருப்பைக்குள் வைப்பது. தாள்களை அடுக்கித் தரச் சொன்னாள். மேல் தாளில் 'ஹெச்.ஆர்.டி. சைக்கிள்' என்று எழுதியிருந்தது. ஹார்மோன் மாத்திரை கொடுத்துக் கருப்பையைத் தயார் செய்கிற முறை அது.

"உனக்கு பீரியட்ஸ் மாசாமாசம் ஒழுங்கா வருதாம்மா?"

"வருதுக்கா. இருபத்தெட்டு, இருபத்தொன்பது நாள். தப்பினதே இல்ல."

"அப்போ ஏன் இந்த முறைன்னு டாக்டர்கிட்ட கேட்டியா?"

"முறைன்னா என்னக்கா?"

ஆறு வருஷத்துக்கு முன்னால் நானும் இப்படித்தான் இருந்தேன். கடை ஸ்டூலில் அவளை உட்கார வைத்து அரை மணி நேரம் பேசினேன். அன்று சொன்னதையும், நேரம் போதாமல் விட்டதையும் இங்கே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. இரண்டு முறை இந்த வழியில் போய்ப் பிள்ளை பெற்றவள். கருப்பையைத் தயார் செய்தது முதல் தடவை ஒரு முறையில், இரண்டாம் தடவை வேறு முறையில்.

முதலில் அடிப்படை. கருமுட்டையை வெளியே எடுத்து, விந்தணுவோடு சேர்த்து, லேபில் ஐந்து நாள் வளர்க்கிறார்கள். ஐந்தாம் நாள் கருவுக்கு பிளாஸ்டோசிஸ்ட் என்று பெயர். அதை நொடியில் உறையவைத்து, மைனஸ் 196 டிகிரியில் திரவ நைட்ரஜனுக்குள் வைக்கிறார்கள். 1978-லேயே கொல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய் உறையவைத்த கருவிலிருந்து ஒரு பெண் குழந்தையைப் பிறக்க வைத்தார். அன்று அவரை யாரும் நம்பவில்லை என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கனக்கும்.

உறையவைத்துப் பிறகு வைப்பதில் உண்மையான நன்மை உண்டு. முட்டை எடுத்த கையோடு கருவை வைத்தால் சிலருக்கு வயிற்றில் நீர் கோத்து, மூச்சு வாங்கி, ஐ.சி.யூ. வரைக்கும் போய்விடும். காத்திருந்து வைத்தால் அந்த ஆபத்து வெகுவாகக் குறைகிறது. குறைமாதப் பிரசவமும் எடை குறைந்த குழந்தையும் கூடக் குறைவு. ஆனால் கர்ப்ப காலத்தில் பி.பி. ஏறுவது கொஞ்சம் அதிகம். 2016-ல் வெளிவந்த சீன ஆய்வு ஒன்றில் பி.சி.ஓ.எஸ். (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) உள்ள 1,508 பெண்களைப் பார்த்தார்கள். உறையவைத்து வைத்தவர்களில் பிள்ளை பெற்றவர்கள் அதிகம், நீர் கோத்தவர்கள் குறைவு. ப்ரீஎக்ளாம்ப்சியா மட்டும் 4.4 சதவீதம், உடனே வைத்தவர்களுக்கு 1.4. ப்ரீஎக்ளாம்ப்சியா என்பது 20 வாரத்துக்கு மேல் பி.பி. ஏறி, சிறுநீரில் புரதம் போவது, அல்லது கிட்னி, கல்லீரல், ரத்தத் தட்டணு பாதிப்பது. முற்றினால் வலிப்பு வரும். நம் ஊர்ப் பாட்டிமார் அதைத்தான் ஜன்னி என்பார்கள்.

அந்தக் 'கொஞ்சம் அதிகம்' எல்லாருக்கும் ஒரே அளவு இல்லை. கருப்பையை எப்படித் தயார் செய்கிறார்கள் என்பதைப் பொறுத்து அது மாறுகிறது.

ஹெச்.ஆர்.டி. முறையில் பீரியட்ஸ் வந்த இரண்டு மூன்று நாளில் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை ஆரம்பிப்பார்கள். கருப்பையின் உட்சுவர் ஏழு மில்லிமீட்டருக்கு மேல் தடித்ததும் புரோஜெஸ்டெரோன் தொடங்கும். ஐந்து நாள் முழுதாக புரோஜெஸ்டெரோன் போன பிறகு கருவை வைப்பார்கள். மாத்திரையே எல்லாவற்றையும் செய்வதால் அந்த மாதம் உங்கள் சினைப்பையில் முட்டை வளர்ந்து வெடிப்பதில்லை.

இயற்கை முறையில் உங்கள் முட்டை தானாக வளர்ந்து வெடிக்க விடுவார்கள். அதைக் கணக்கு வைத்து ஐந்து நாள் கழித்துக் கருவை வைப்பார்கள். சில டாக்டர்கள் முட்டை வெடிக்க ஒரு ஊசி போட்டு நேரத்தைக் குறித்துக்கொள்வார்கள். பீரியட்ஸ் ஒழுங்கில்லாதவர்களுக்கு லெட்ரோசோல் மாத்திரை ஐந்து நாள் கொடுத்து முட்டையை வளர்ப்பது மூன்றாவது வழி. இதிலும் முட்டை வெடிக்கும்.

முட்டை வெடித்த இடத்தில் ஒரு சின்ன மஞ்சள் கட்டி உருவாகிறது. கார்ப்பஸ் லூட்டியம் என்று ப்ளஸ் டூ உயிரியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். அது புரோஜெஸ்டெரோன் மட்டும் சுரப்பதில்லை. ரிலாக்சின் போன்ற வேறு பொருள்களையும் விடுகிறது. கர்ப்பத்தின் முதல் வாரங்களில் ரத்தக் குழாய்கள் இளகி, கூடுதல் ரத்தத்தைத் தாங்கப் பழகுவதற்கு அவை உதவுகின்றன. மாத்திரையில் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டெரோனும் வந்துவிடும், ரிலாக்சின் வராது. ஹெச்.ஆர்.டி. முறையில் மஞ்சள் கட்டியே இருக்காது என்பதால், பி.பி. அதிகம் ஏறுவதற்கு இது ஒரு காரணம் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள்.

என் நோட்டில் இரண்டு ஆய்வுகளைக் குறித்து வைத்திருக்கிறேன். இரண்டும் 2019-ல் வந்தவை. அமெரிக்க ஆய்வில் ஹெச்.ஆர்.டி. முறையில் ப்ரீஎக்ளாம்ப்சியா 12.8 சதவீதம், முட்டை வெடித்த முறையில் 3.9. சுவீடன் தேசியப் பதிவேட்டை வைத்துச் செய்ததில் பி.பி. மட்டும் இல்லாமல், பிரசவத்துக்குப் பின் அதிக ரத்தப்போக்கு, நாள் கடந்த பிரசவம், நாலரை கிலோவுக்கு மேல் குழந்தை ஆகியவையும் ஹெச்.ஆர்.டி. முறையில் கூடுதலாக இருந்தன. முட்டை ஒழுங்காக வெடிக்கிற பெண்ணுக்குக் கரு தங்குவதில் இயற்கை முறை பின்தங்கியதாகவும் தெரியவில்லை.

அப்படியானால் ஏன் பல இடங்களில் எடுத்த எடுப்பில் ஹெச்.ஆர்.டி.? வசதி. தேதியை முன்கூட்டியே குறிக்கலாம், ஞாயிற்றுக்கிழமை வராமல் பார்த்துக்கொள்ளலாம், ஸ்கேன் குறைவு. வெளியூர்ப் பெண்களுக்கும் இது சுலபம். வசதியைக் குறை சொல்லவில்லை. ஆனால் அதற்கு என்ன விலை என்று பெண்ணிடம் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும்.

என்னிடம் சொல்லவில்லை. எனக்கு முப்பது நாளுக்கு ஒருமுறை தவறாமல் பீரியட்ஸ் வரும். குழாய் அடைப்புதான் பிரச்சினை. முதல் டிரான்ஸ்ஃபர் செய்த இடத்தில் மாத்திரைச் சீட்டைக் கையில் கொடுத்தார்கள், சாப்பிட்டேன். கரு தங்கியது, அந்த சந்தோஷத்தில் வேறெதுவும் தெரியவில்லை. அப்புறம் கர்ப்பிணி அட்டையில் பி.பி. இப்படிப் போனது: 16-ம் வாரம் 110/70, 24-ல் 122/78, 29-ல் 130/84, 32-ல் 138/88. ஒவ்வொரு முறையும் 'நார்மல்' என்றுதான் சொன்னார்கள். 140/90-ஐத் தொடாதவரை ஒவ்வொன்றும் தனியாக நார்மல்தான். நாலையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்திருந்தால் ஏறுகிறது என்று ஜெராக்ஸ் எடுக்கிற எனக்கே தெரிந்திருக்கும். 34-ம் வாரம் ஒரு சாயங்காலம் மோதிரம் கழற்ற வரவில்லை. சோப்பு போட்டும் வரவில்லை. ராத்திரி பின்மண்டையில் வலி. அவரிடம், "என்னங்க, ட்யூப்லைட்டைச் சுத்தி மினுமினுன்னு பூச்சி பறக்கிற மாதிரி தெரியுது" என்றேன். அங்கே பூச்சி எதுவும் இல்லை. 108-ல் முள்ளோடை தாண்டிப் புதுச்சேரி போய்ச் சேர்ந்தபோது 170/112. வலிப்பு வராமல் இருக்க மெக்னீசியம் ஊசி போட்டார்கள், விடிவதற்குள் ஆபரேஷன். மகள் 1.8 கிலோ. 14 நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாள். கை விட்டுத் தொட ஒரு ஓட்டை இருக்கும், அது வழியாக அவள் உள்ளங்காலை மட்டும் தொட்டுக்கொண்டு நிற்பேன். இன்று எல்.கே.ஜி. போகிறாள், நன்றாக இருக்கிறாள்.

சரி, இனி நீங்கள் செய்ய வேண்டியது.

டிரான்ஸ்ஃபருக்கு ஒரு மாதம் முன்பே, மாத்திரை தொடங்குவதற்கு முன், டாக்டரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த மாதம் எனக்கு முட்டை வெடிக்குமா, மேடம்?" இந்த ஒரே கேள்விக்கு வருகிற பதிலிலேயே முறை தெரிந்துவிடும். வெடிக்காது என்றால், "எனக்கு பீரியட்ஸ் ஒழுங்காக வருகிறது, இயற்கை முறை செய்ய முடியுமா, முடியாதென்றால் என் உடம்பில் என்ன காரணம்?" என்று கேளுங்கள். எதிர்த்துப் பேசுவது போல இருக்குமோ என்று தயங்க வேண்டாம். என் இரண்டாவது டாக்டரம்மா இந்தக் கேள்விக்குப் பேனாவை எடுத்துப் படம் போட்டே விளக்கினார்.

கடைசி ஆறு மாத பீரியட்ஸ் தேதிகளை எழுதிக்கொண்டு போங்கள். வாயால் 'ஒழுங்காத்தான் வருது' என்பதைவிட ஆறு தேதி எழுதிய தாளுக்கு மதிப்பு அதிகம். பி.பி., சர்க்கரை, தைராய்டு, முந்தைய பிரசவத்தில் என்ன நடந்தது என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். அம்மாவுக்கோ அக்காவுக்கோ கர்ப்பத்தில் பி.பி. ஏறியிருந்தால் அதுவும் வேண்டும். அத்தனையும் ஆபத்தைக் கணக்கிடும்போது சேரும்.

இயற்கை முறை என்றால் அலைச்சலுக்குத் தயாராகுங்கள். நான் ஒன்பதாம் நாள், பதினொன்றாம் நாள், பதின்மூன்றாம் நாள் என்று ஸ்கேனுக்குப் போனேன். கடலூரிலிருந்து காலை ஆறு மணி பஸ், தவளக்குப்பம் தாண்டுவதற்குள் ஒரு தூக்கம், கடையை மாமியார் பார்த்துக்கொண்டார். மூன்றாம் ஸ்கேனில் முட்டைப் பை 18 மில்லிமீட்டர். அன்று ராத்திரி பத்து மணிக்கு ஊசி, அதிலிருந்து ஏழாம் நாள் டிரான்ஸ்ஃபர். ஊசி நேரத்தை நிமிஷத்தோடு எழுதி வையுங்கள். சில மாதம் முட்டை சொல்லாமல் முன்கூட்டியே வெடித்துவிடும், அந்த மாதம் தள்ளிப்போகும். மனசு உடையத்தான் செய்யும். ஆனால் கரு பத்திரமாக நைட்ரஜனில் இருக்கிறது, அதற்கு ஒன்றும் ஆகாது. 2021 சட்டப்படி பத்து வருஷம் வரை வைத்திருக்கலாம்.

ஹெச்.ஆர்.டி. முறைதான் சரியாக வருகிற பெண்கள் நிறைய பேர் உண்டு. சினைப்பை வேலை செய்வதை நிறுத்திவிட்டவர்கள், லெட்ரோசோல் கொடுத்தும் முட்டை வளராதவர்கள், இப்படி. பி.சி.ஓ.எஸ். என்றால் லெட்ரோசோல் முறை பற்றிக் கேளுங்கள். உங்களுக்கு ஹெச்.ஆர்.டி.தான் என்று முடிவானால் பயந்து ஒதுங்க வேண்டாம்; அந்த முறையில் போகிறவர்களில் பெரும்பாலோருக்கு பி.பி. ஏறுவதில்லை. உங்களைக் கூடுதலாகக் கவனிக்கச் சொல்லிக் கேட்க அது ஒரு காரணம், அவ்வளவுதான்.

இதைப் படித்துவிட்டு, ஏற்கெனவே ஹெச்.ஆர்.டி.யில் இருக்கிற யாரும் மாத்திரையைத் தாங்களாக நிறுத்திவிடாதீர்கள். கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் உடம்பில் மஞ்சள் கட்டி இல்லை, அந்த மாத்திரையும் புரோஜெஸ்டெரோனும்தான் கருவைத் தாங்கிக்கொண்டிருக்கின்றன. நஞ்சுக்கொடி பொறுப்பெடுக்கும்வரை, பொதுவாகப் பத்து பன்னிரண்டு வாரம், டாக்டர் சொல்லாமல் ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. பிறப்புறுப்பில் வைக்கிற புரோஜெஸ்டெரோன் மெழுகு மாதிரி இருக்கும். மே மாத வெயிலில் கைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினால் உருகிவிடும். எனக்கு ஒரு அட்டை அப்படியே போனது. ஈரத் துணி சுற்றிய டிபன் பாக்ஸில் எடுத்துப் போங்கள். அந்த மருந்தை வைத்த பிறகு இருபது நிமிஷமாவது படுத்திருங்கள்.

எத்தனை கரு வைப்பது என்பதும் இதில் சேர்ந்ததுதான். 'இரண்டாக வைத்துவிடலாம், இரட்டையாக வந்தால் ஒரே செலவு' என்று வீட்டில் சொல்வார்கள். இரட்டைக் கர்ப்பம் என்றாலே பி.பி.யும் குறைப்பிரசவமும் கூடும். நல்ல பிளாஸ்டோசிஸ்ட் இருந்தால் ஒன்று போதும் என்று டாக்டர் சொல்லும்போது வீட்டாரையும் உள்ளே கூட்டிப்போய்க் கேட்க வையுங்கள். டிரான்ஸ்ஃபர் முடிந்து பதினைந்து நாள் படுத்தே கிடக்க வேண்டியதில்லை. படுத்திருப்பதால் கரு தங்குவது கூடுவதில்லை.

கர்ப்பம் உறுதியானதும், எந்த முறையில் வைத்தது என்று கர்ப்பிணி அட்டையிலேயே எழுதச் சொல்லுங்கள். 'ஐ.வி.எஃப்.' என்று மட்டும் எழுதினால் பிரசவம் பார்க்கிறவருக்குப் பாதிதான் தெரியும். 'ஃப்ரோசன், ஹெச்.ஆர்.டி.' அல்லது 'ஃப்ரோசன், நேச்சுரல்', ஐந்தாம் நாள் கரு, வைத்த தேதி. பிரசவத் தேதியையும் அதிலிருந்தே கணக்கிடலாம்: ஐந்தாம் நாள் கரு என்றால் வைத்த தேதியோடு 261 நாள் கூட்டுங்கள். ஜூன் 10-ல் வைத்தால் அடுத்த ஆண்டு பிப்ரவரி 26, லீப் வருஷமானாலும் அதே தேதிதான். ஹெச்.ஆர்.டி.யில் ஈஸ்ட்ரோஜன் நாள் நீண்டிருந்தால் கடைசி பீரியட்ஸை வைத்துப் போடும் கணக்கு பிசகும். எனக்கு முதல் முறை ஆறு நாள் பிசகியிருந்தது.

12-ம் வாரம் நெருங்கும்போது ஆஸ்பிரின் பற்றிக் கேளுங்கள். ப்ரீஎக்ளாம்ப்சியா ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு 16 வாரத்துக்குள் குறைந்த அளவு ஆஸ்பிரின் தொடங்கினால் பலன் உண்டு. 2017-ல் வந்த பெரிய ஆய்வில் இரவில் 150 மில்லிகிராம், 36 வாரம் வரை கொடுத்ததில், 37 வாரத்துக்கு முன் வருகிற ப்ரீஎக்ளாம்ப்சியா அறுபது சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. இருபதாம் வாரத்தில் போய்க் கேட்டால் அந்தப் பலனில் பெரும்பகுதி போய்விடும். மருந்துக் கடையில் நீங்களாக வாங்கிப் போட வேண்டாம், டாக்டர் சீட்டில் வரட்டும். அரசு தருகிற கால்சியம் மாத்திரையையும் விட்டுவிடாதீர்கள். இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்துப் போடாமல் வேறு வேளையில் போடுங்கள்.

வீட்டில் ஒரு பி.பி. மெஷின் வாங்குங்கள். மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம், மேல்கையில் கட்டுவது. பட்டை உங்கள் கைக்குப் பொருந்த வேண்டும். பருத்த கையில் சின்னப் பட்டையைக் கட்டினால் பொய்யாக அதிகம் காட்டும். சிறுநீர் கழித்துவிட்டு வந்து, நாற்காலியில் முதுகு சாய்த்து, இரண்டு பாதமும் தரையில் பட, ஐந்து நிமிஷம் பேசாமல் உட்காருங்கள். காபி குடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். ரவிக்கைக் கைக்கு மேலே கட்டாமல் தோலின்மீது கட்டி, கையை நெஞ்சு உயரத்துக்கு மேஜைமேல் வையுங்கள். ஒரு நிமிஷ இடைவெளியில் இரண்டு முறை எடுத்து, தேதியோடு ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். எண்களின் ஏற்றம் அந்தப் பட்டியலில்தான் கண்ணுக்குத் தெரியும். நான் இரண்டாவது முறை 20 வாரம் வரை வாரத்துக்கு இரண்டு நாள், அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்தேன்.

140/90 காட்டினால் கொஞ்ச நேரம் விட்டு மறுபடி எடுங்கள். அப்படியே இருந்தால் அன்றே டாக்டரைப் பாருங்கள். 160/110 என்றால் 108. எண் எதுவானாலும், விடாத தலைவலி, கண்ணில் மின்னல் அல்லது மங்கல், வலது விலாவுக்குக் கீழே வலி, முகமும் கையும் திடீரென வீங்குவது, மூச்சு வாங்குவது, குழந்தை அசைவு குறைவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 'மாசமா இருந்தா கால் வீங்கத்தான் செய்யும்' என்று பெரியவர்கள் சொல்வார்கள். கால் வீங்கலாம். மோதிரம் கழலாமல் போனால் கிளம்புங்கள்.

ஸ்கேனில் நஞ்சுக்கொடி எங்கே இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். ஐ.வி.எஃப். கர்ப்பத்தில் அது கீழே இறங்கியிருப்பது கொஞ்சம் அதிகம். முன்பு ஆபரேஷன் ஆனவர்களுக்குத் தழும்பில் ஒட்டிக்கொள்ளவும் வாய்ப்புண்டு. பிரசவத்தில் ரத்தம் அதிகம் போகலாம் என்பதால், ரத்த வங்கி உள்ள இடமாகப் பார்த்துப் பதிந்து, உங்கள் ரத்த வகையில் இரண்டு பேரைச் சொல்லி வையுங்கள். என் தம்பியும் அவன் நண்பனும் போனை அணைக்காமல் இருந்தார்கள்.

இரண்டாவது பையன் 38-ம் வாரம், 2.9 கிலோ, பி.பி. கடைசிவரை 128/80 தாண்டவில்லை. இது இயற்கை முறையால்தான் என்று சொல்ல மாட்டேன். ஆஸ்பிரினும் போட்டேன், இரண்டாவது கர்ப்பம், பார்த்துக்கொண்டவர்களும் வேறு. ஆனால் முன்னமே தெரிந்துகொண்டு, கேட்டு, ஒப்புக்கொண்டு போனேன். ஒன்பது மாதமும் அந்தத் தெளிவு கூடவே இருந்தது.

பிரசவம் ஆனதும் மெஷினைப் பரணில் போட்டுவிடாதீர்கள். குழந்தை வெளியே வந்த பிறகும் ஆறு வாரம் வரை பி.பி. ஏறி வலிப்பு வரலாம், முதல் பத்து நாள் தினமும் பாருங்கள். ஒருமுறை ப்ரீஎக்ளாம்ப்சியா வந்தவருக்குப் பிற்காலத்தில் ரத்த அழுத்தமும் இதய நோயும் வரும் வாய்ப்பு அதிகம் என்பதால் வருஷத்துக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டும். நான் மகள் பிறந்தநாள் அன்று எடுத்து அதே நோட்டில் எழுதுகிறேன். இந்த வருஷம் 122/78.